கன்னிமாடமும் சாவித்துவாரமும்

பெண்கள் உறைவிடப் பள்ளியைக் களமாகக் கொண்ட உளவியல் மர்மப் புதினம் ஆங்கிலத்தில் தனியொரு வகையாகவே வேரூன்றிவிட்டது. வசதி படைத்தோர் வீட்டுப் பெண்கள் பயிலும் பள்ளி, உயர்ந்த மதில், குறித்த மணிக்கு அணைக்கப்படும் விளக்குகள், ஒரு மரணம் அல்லது ஒருத்தி காணாமற்போதல், அதன்பின் எவரும் எவரையும் நம்பாத நாட்கள். அவ்வகைப் புதினத்துக்கு வேண்டிய தளவாடம் இவ்வளவுதான். நம் நாட்டில் இவ்வகையில் எழுதப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கது, நயனா கரீம்பாய் எழுதி 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'மிஸ் டிம்மின்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினம். மகாராட்டிரத்து மலைநகரமான பஞ்ச்கனியில், 1974ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கதை நடக்கிறது. இந்தோரிலிருந்து வரும் சாருலதா ஆப்தே என்னும் இளம்பெண், வெள்ளைக்கார மிஷனரிப் பெண்மணிகள் நடத்தும் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்கிறாள். முகத்தில் ஒரு மச்சக் கறை. கட்டுப்பெட்டியான மராட்டிய அந்தணர் குடும்பம். அதே பள்ளியில் மொய்ரா பிரின்ஸ் என்னும் ஆசிரியை, எந்தக் கட்டுக்கும் அடங்காதவள். இருவருக்கும் இடையில் நட்பு காதலாகிறது. ஒரு மழையிரவில் மேசைநிலத்தின் விளிம்பிலிருந்து விழுந்து பிரின்ஸ் இறந்துகிடக்கிறாள். ஐயம் பலர் மீதும் படர்ந்து சாருவின் தலையிலும் இறங்குகிறது.

புதினத்தின் முடிச்சுகள் இறுதியில் சற்று மிகுதியாகவே அவிழ்கின்றன என்பது நம் எண்ணம். ஆனால் அந்த மழையும், விடுதலைக்குப் பின் 27 ஆண்டுகள் கழிந்தும் மணியடித்தால் ஆங்கிலத் துதிப்பாடல் பாடும் அந்தக் கூடமும் மனத்தை விட்டு அகலுவதில்லை. நாம் இங்கே பேச விரும்புவது அப்புதினத்தைப் பற்றி மட்டுமன்று. மூடிய பெண்பள்ளியில் ஏதேனும் ஒன்று நிகழ்ந்துவிட்டால் முதற்பார்வை ஏன் வெளியிலிருந்து வந்தவள் மீதே விழுகிறது? இவ்வகை எழுத்தின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று பார்த்தால், அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே இந்தியாவில் பிறந்த ஒரு சிறுமி நிற்கிறாள். இலக்கியம் அவளை அழித்துவிட்டது. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் சார்லட் பிராண்டியைச் சொல்லியாக வேண்டும். மதகுருமாரின் மகள்களுக்கென நடந்த கோவன் பிரிட்ஜ் உறைவிடப் பள்ளியில் நோயுற்று, 1825ஆம் ஆண்டு அவருடைய மூத்த சகோதரியர் இருவர் இறந்தனர். அப்பள்ளிதான் 1847இல் வந்த 'ஜேன் ஐர்' புதினத்தில் லோவுட் ஆயிற்று. அதை எல்லோரும் அறிவர். ஆனால் உளவியல் மர்மத்தின் விதைகள் அதைவிட அதிகமாகக் கிடப்பது, பிரசல்ஸ் நகரத்துப் பெண்பள்ளி ஒன்றில் பிராண்டி 1842 முதல் 1844 வரை மாணவியாகவும் ஆசிரியையாகவும் கழித்த காலத்தின் விளைவான 'வில்லெட்' (1853) புதினத்தில். அதில் கொலை ஏதுமில்லை. தலைமையாசிரியை மேடம் பெக் ஓசையெழாத காலணியணிந்து இரவில் நடமாடுகிறாள். புதிதாக வந்த லூசி ஸ்னோ உறங்குவதாகப் பாவனை செய்து படுத்திருக்க, மேடம் பெக் அவளுடைய பெட்டியையும் உடைகளையும் ஒவ்வொன்றாகத் துழாவி, சாவிகளை எடுத்துச் சென்று மெழுகில் அச்செடுத்துத் திரும்ப வைக்கிறாள். லூசிக்குச் சினமில்லை, ஒருவகை வியப்பே உண்டாகிறது. மாடியறையில் கன்னிகாஸ்திரீயின் ஆவி தென்படுகிறது. அது ஆவியன்று, காதலியைக் காண வரும் இளைஞன் ஒருவனின் மாறுவேடம் என்று பின்னால் தெரிகிறது.

இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. கதையைச் சொல்லும் லூசி, தான் அறிந்த ஒன்றைப் படிப்பவரிடமிருந்தே நெடுநேரம் மறைத்துவைக்கிறாள். மருத்துவர் ஜான் யாரென்று அவள் முன்பே கண்டுகொண்டாள், நமக்குச் சொல்லவில்லை. கண்காணிக்கப்படுபவள் தானும் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள், கதை கேட்பவரிடமும்கூட. பிற்காலத்து உளவியல் மர்மக் கதைகள் 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று பெரிதாகப் பேசும் உத்தி, ஒரு விடுதிப் பெண்ணின் தற்காப்பாக 1853லேயே வந்துவிட்டது.

இனி எடின்பரோவுக்குச் செல்வோம். பிராண்டி பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்தது இது, கற்பனையுமன்று.

மரியான் வுட்ஸ், ஜேன் பிரி என்னும் இரு பெண்கள், தாம் சேர்த்த பணத்தைக் கொண்டு எடின்பரோவின் ட்ரம்ஷூ பகுதியில் 1809ஆம் ஆண்டு ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர். மேற்குடிப் பெண்கள் வந்து சேர்ந்தனர். அதற்குப் பெருந்துணையாக இருந்தவர் ஹெலன் கம்மிங் கார்டன் சீமாட்டி. அவர் தம் பேத்திகளை அங்கே அனுப்பினார். அவர்களுள் ஒருத்தி ஜேன் கம்மிங். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய சீமாட்டியின் மகன் ஜார்ஜுக்கும் ஓர் இந்தியப் பெண்ணுக்கும் மணவுறவின்றிப் பிறந்தவள் அவள். தந்தை இறந்தபின் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டாள். குடும்பம் முதலில் அவளைத் தூரத்து ஊரொன்றின் எளிய பள்ளியில் வைத்தது; பிறகுதான் பாட்டி தம் வீட்டுப் பெண்ணாக ஏற்று எடின்பரோவுக்கு அழைத்துவந்தார். நிறத்தால் வேறு, பிறப்பால் வேறு, ஆயினும் சீமாட்டியின் பேத்தி. இப்படி இரண்டுங்கெட்டான் நிலையில் ஒரு பதின்வயதுப் பெண்.

1810 நவம்பரில் ஜேன் பாட்டியிடம் ஒன்று சொன்னாள். ஆசிரியைகள் இருவரும் இரவில் தகாத உறவு கொள்கின்றனர் என்பதே அது. அந்நாளில் மாணவியரும் ஆசிரியைகளும் ஒரே அறையில், சில வேளை ஒரே கட்டிலில் உறங்குவது வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சீமாட்டி ஆசிரியைகளை அழைத்துக் கேட்கவில்லை. தம் பேத்திகளை விலக்கிக்கொண்டு, பிற பெற்றோருக்கும் கடிதம் அனுப்பினார், காரணம் எழுதவில்லை. ஓரிரு நாளில் பள்ளி வெறிச்சோடிவிட்டது. தங்கள் மீது சாட்டப்பட்ட குற்றம் என்னவென்றே தெரியாமல் இரு பெண்கள் காலியான வீட்டில் நின்றனர்.

அவர்கள் வழக்குத் தொடுத்தனர். எடின்பரோ உயர் நீதிமன்றத்து நீதிபதிகள் எழுவர். 1811இல் நால்வர் சீமாட்டி பக்கம், மூவர் ஆசிரியைகள் பக்கம். மறுஆய்வில், 1812இல், நால்வர் ஆசிரியைகள் பக்கம், மூவர் சீமாட்டி பக்கம். சீமாட்டி இலண்டனில் பிரபுக்கள் அவைக்குப் போனார். 1819இல் அங்கும் ஆசிரியைகளே வென்றனர். வென்று என்ன? ஒன்பது ஆண்டுகள் போயின, பள்ளி போயிற்று, அவர்களுக்குள் இருந்த நட்பும் போயிற்று.

வழக்கின் விவரங்களுள் ஒன்று எந்த மர்மக் கதாசிரியரையும் பொறாமை கொள்ளச் செய்வது. பணிப்பெண் ஒருத்தி சாவித்துவாரத்தின் வழியே பார்த்ததாகப் பேச்சு. அந்தக் கதவைச் சோதித்தபோது, பார்த்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் சாவித்துவாரமே இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பு!

நம்மை வருத்துவது வேறொன்று. நீதிபதிகளுக்கு முன்னிருந்த சிக்கல் இது: மதிப்புக்குரிய இரண்டு ஸ்காட்லாந்துப் பெண்கள் இப்படி நடந்திருக்க முடியாதென்றால், பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணுக்கு இப்படிப்பட்ட கற்பனை எங்கிருந்து வந்தது? விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது: இந்தியாவிலிருந்து. அவளை வளர்த்த இந்திய வேலைக்காரிகள் சொல்லிக் கொடுத்திருப்பர். அந்த நாட்டில் இவையெல்லாம் சாதாரணம். அவள் குருதியில் ஓடுவது அது. ஆசிரியைகளின் நிரபராதித்தன்மையைக் காப்பாற்ற இந்தியா குற்றவாளியாக்கப்பட்டது. மெடோபேங்க் பிரபு என்னும் நீதிபதி இந்த வாதத்தை விரிவாகவே எடுத்துரைத்தார். ஜேன் பொய் சொன்னாளா, கண்டதைத் தவறாகப் புரிந்துகொண்டாளா, கண்டதைத்தான் சொன்னாளா என்று இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர். ஆறேழு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து, தன்னைப் போன்ற முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் இறக்கிவிடப்பட்ட குழந்தையின் மனத்துக்குள் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற கேள்வியை அந்த நீதிபதிகளுள் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உளவியல் புதினம் தொடங்க வேண்டிய இடம் அதுதானே?

வழக்கு ஏட்டில் உறங்கியது. வில்லியம் ரஃப்ஹெட் என்னும் ஸ்காட்லாந்துக் குற்றவியல் எழுத்தாளர் 1930இல் ஒரு நூலில் அதைத் தூசுதட்டி எழுதினார். துப்பறியும் கதைகளில் புகழ்பெற்ற டாஷியல் ஹாமெட் அதைப் படித்துவிட்டு, நாடகம் எழுத முயன்றுகொண்டிருந்த தம் தோழி லில்லியன் ஹெல்மனிடம் கொடுத்தார். அதன் விளைவு 1934இல் நியூயார்க்கில் மேடையேறிய 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்'. அறுநூறு காட்சிகளுக்கு மேல் ஓடிய நாடகம். அதில் பொய்ப்பழி சுமத்தும் சிறுமியின் பெயர் மேரி டில்ஃபோர்டு. செல்வக் குடும்பத்து அமெரிக்க வெள்ளைப் பெண். பிறவியிலேயே வஞ்சகம் கொண்டவள் போலப் படைக்கப்பட்டவள். இந்தியா இல்லை, கப்பல் இல்லை. 1936இல் வில்லியம் வைலர் அதைப் படமாக்கியபோது தணிக்கைக்கு அஞ்சி, பெண்கள் இருவருக்குமான உறவு என்ற பழியையே மாற்றி, ஓர் ஆணைச் சுற்றிய முக்கோணக் கதையாக்கிவிட்டனர். ஆக, நாடகத்தில் சிறுமியின் பிறப்பு போயிற்று. திரைப்படத்தில் அவள் சொன்ன சொல்லே போயிற்று. 1961இல் அதே வைலர் மீண்டும் எடுத்தபோது பழி திரும்ப வந்தது; ஜேன் வரவில்லை.

ஹெல்மனின் நாடகத்திறத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் வஞ்சகம் பிறவிக்குணம் என்று ஆக்கிவிட்டால் கதை எளிதாகிவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்ற வினா எழுவதில்லை. லில்லியன் ஃபேடர்மன் 1983இல் எழுதிய 'ஸ்காட்ச் வெர்டிக்ட்' நூல்தான் ஜேனை மீண்டும் இந்தியப் பெண்ணாக வழக்குக்குள் கொண்டுவந்தது. பின்னர் பிரான்சிஸ் சிங் அவளையே நடுவில் வைத்து ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார் (2020). இடையே ஒரு வேடிக்கை: அகதா கிறிஸ்டி 1959இல் எழுதிய பெண்பள்ளிக் கொலைக்கதையில் அந்தப் பள்ளியின் பெயர் மெடோபேங்க். தற்செயலாகவே இருக்கலாம். ஜோன் லிண்ட்சேயின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' (1967) வேறு வகையில் நமக்கு வேண்டிய நூல். ஆஸ்திரேலியப் பாறைக்குன்றில் மாணவியரும் ஓர் ஆசிரியையும் மறைந்துபோவதையே எல்லோரும் பேசுவர். கட்டணம் செலுத்த ஆளில்லாத அனாதைப் பெண் சாராவுக்குப் பள்ளிக்குள் நேர்வதுதான் அதில் உண்மையான கொடுமை. மறைந்தவர்களைத் தேட ஊரே திரள்கிறது; இவளைத் தேட எவருமில்லை.

சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து எடின்பரோவைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஜேன் கம்மிங் போன்ற குழந்தைகளின் கதையில் இந்தக் கடற்கரைக்கும் பங்குண்டு. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். 1881இல் பணி முடியும் தறுவாயில் புயல் அதைச் சிதைத்தது. அதற்கு முன் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நிற்கும். அலைகளைக் கடந்து கரைக்கும் கப்பலுக்கும் ஆட்களைச் சுமந்தவை கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள். கம்பெனி அதிகாரிகளுள் வசதியும் மனமும் உள்ளோர், இந்தியப் பெண்களிடம் பெற்ற பிள்ளைகளை அப்படகுகளில் ஏற்றிச் சீமைக்கு அனுப்பினர். சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு அந்த வழியில்லை. அவர்களுக்காகத்தான் 1787இல் ஆளுநர் கேம்பெலின் மனைவி முன்னின்று சென்னையில் பெண் அனாதை விடுதியைத் தொடங்கினார். 1789இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான விடுதி வந்தது. அதை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளையவர்க்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு, அதை ஒரு முறையாக வகுத்து, 'சென்னை முறை' என்று பெயரிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளைக் கண்காணிக்கும் முறை அது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை என்றும் சொல்லலாம்.

தமிழ்ப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியின் வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது என்றே கொள்ளலாம். அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் ஒரு பெண் உறைவிடப் பள்ளியை நிறுவியது. நடத்தியவர் ஹாரியட் வின்சுலோ. தமிழ் படித்தோர் மேசையில் இன்றும் கிடக்கும் 1862ஆம் ஆண்டு வின்சுலோ அகராதியின் ஆசிரியர் மிரன் வின்சுலோவின் மனைவி. ஹாரியட் 1833இல் இறந்தார். 1840இல் வந்த எலைசா ஆக்னியூ அம்மையார், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பாமல் அப்பள்ளியை நடத்தினார். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து வெளியேறும் இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மனைவியரை ஆக்கித் தருவது பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமே இல்லாத ஊரில், உணவும் உடையும் தந்து, படிப்பை முடித்தால் சீதனமும் தந்து பெண்களைச் சேர்த்தனர். வீட்டின் பழக்கவழக்கங்களிலிருந்து பிரித்துவைப்பதே கல்வியின் பாதி என்று கருதப்பட்டது.

மிஷன் விடுதிகளில் மற்றொரு வழக்கமும் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் பணம் கொடுத்து ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தால், கொடையாளி விரும்பும் பெயர் அப்பிள்ளைக்குச் சூட்டப்படும். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளையின் பெயருக்கு முன் ஆர்னல்ட் என்று நிற்பதைப் பார்க்கும் இலக்கிய மாணவர்களுக்கு இது புதிதன்று. ஆண்கள் பிற்காலத்தில் பண்டிதராகவும் ஆசிரியராகவும் ஆகி இரு பெயரையும் சுமந்து புகழ்பெற்றனர். பெண்கள்? எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காலையில் வரிசையில் நிற்கிறாள்; தான் ஒருபோதும் கண்டிராத, ஒருவேளை இறந்தும்போய்விட்ட அமெரிக்கப் பெண்ணின் பெயரைச் சொல்லி அவளை அழைக்கின்றனர்; அவள் 'உள்ளேன்' என்கிறாள். அந்தப் பள்ளி நல்லது செய்யவில்லை என்பது நம் வாதமன்று. யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வேர் அது. ஆனால் கொலையோ ஆவியோ இல்லாமலே ஓர் உளவியல் புதினத்துக்கான முதல் அத்தியாயம் அந்த வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

அவ்வத்தியாயத்துக்கு அருகில் வந்து எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் அகமத்நகரில், கிறிஸ்தவம் தழுவிய மராட்டிய அந்தணக் குடும்பத்தில் பிறந்து, பம்பாயில் மிஷன் பெண்பள்ளியில் தங்கிப் படித்து, 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டுப் படிப்பை விட்டவர். 1881இல் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். 1894இல், முப்பத்திரண்டாம் வயதில், மறைந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் 1887-88இல் அவர் தொடராக எழுதிய 'சகுணா' ஏறத்தாழத் தன்வரலாறு. மிஷன் சீமாட்டிகளின் அன்புக்குள் கலந்திருக்கும் தாழ்த்திப் பார்க்கும் பார்வையையும், 'உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்' என்ற ஒரே பெட்டிக்குள் தன்னையும் அடைப்பதைக் கண்டு ஒரு கூர்மையான பெண்ணுக்கு உள்ளே கொதிப்பதையும் அதில் காணலாம். மர்மம் இல்லை, ஆனால் பார்க்கப்படுபவள் திரும்பிப் பார்க்கிறாள். ஜேன் கம்மிங்குக்குக் கிட்டாதது அது.

தமிழில் மர்மக் கதைக்குப் பஞ்சமில்லை. நடேச சாஸ்திரியின் 'தானவன்' துப்பறியும் கதைகள் 1894லேயே வந்துவிட்டன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு, வை. மு. கோதைநாயகி அம்மாள் என்று ஒரு படையே எழுதிக் குவித்தது. ஜமீன் மாளிகை உண்டு, வக்கீல் வீடு உண்டு, பங்களாவில் அடைத்துவைக்கப்பட்ட பெண் உண்டு. பெண்பள்ளி விடுதி அந்த உலகின் நடுவில் வந்து நிற்கவில்லை. காரணம் இலக்கியத்தில் இல்லை. திருமண வயதில் இருக்கிறது. விடுதிப் புதினத்துக்குக் குழந்தைமைக்கும் திருமணத்துக்கும் இடையில் சில ஆண்டுகள் வேண்டும். பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை, அக்கதைகளைப் படித்த மேற்சாதி வீடுகளில் பதின்மூன்று வயதுப் பெண் என்பவள் ஒருத்தியின் மருமகள். அந்த இடைப்பட்ட ஆண்டுகள் வாய்த்தவர் இருவகையினர் மட்டுமே: மிஷன் பள்ளிப் பெண்கள், குழந்தை விதவைகள். சகோதரி சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் தொடங்கியதும் பின்னர் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியதுமான அந்தணப் பெண்கள் விடுதி, விதவைகளுக்கான விடுதிதான். கணவன் இறந்ததால் பள்ளிக்கூடம் கிடைத்த சிறுமியர் ஒரே கூரையின் கீழ்! அதைக் களமாக்கும் துணிவு நம் நாவலாசிரியர்களுக்கு ஏன் வரவில்லை என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. விதவையைப் பற்றி எழுதினார்கள்; மாதவையாவின் 'முத்துமீனாட்சி' 1903லேயே வந்தது. ஆனால் அவள் வீட்டுக்குள் இருந்த விதவை. விடுதியில் இருந்தவள் அல்லள்.

பெண்களுக்கென மூடிய இல்லம் நம் மரபுக்குப் புதிதன்று. அதற்குச் சான்று நம் வாயிலிலேயே, திருவொற்றியூரில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியார் திருமணப் பேச்சை மறுக்கிறார். பெற்றோர் அவரை ஒற்றியூருக்கு அழைத்துவந்து, கோயிலுக்கு அருகில் கன்னிமாடம் அமைத்துத் தோழியருடன் தங்கவைக்கின்றனர். இறைவனுக்கு மாலை தொடுப்பது அவர் பணி. திரைக்குள் இருந்து ஒரு கணம் வெளிப்பட்ட அவரைச் சுந்தரர் கண்டுவிடுகிறார். அதன்பின் நடப்பவற்றை மர்மக் கதையின் கண்ணோடு படித்துப் பாருங்கள். பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது இறைவன் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் கோயிலில், உள்ளே வேண்டாம், மரத்தடியே போதும் என்று தோழியர் சொல்லும்போது சுந்தரரின் முகம் எப்படி இருந்திருக்கும்! சத்தியம் மீறப்படுகிறது, ஒற்றியூர் எல்லை கடந்ததும் பார்வை போகிறது. காப்பியம் பார்வையிழந்தவர் பின்னாலேயே ஒவ்வொரு தலமாகப் போய்விடுகிறது. கன்னிமாடத்தில் விடப்பட்டவர் அந்த இரவை எப்படிக் கழித்தார் என்பது பாடப்படவில்லை. பக்தி நூலிடம் அதைக் கேட்பது முறையன்று. பின்வந்த புதினத்திடம் கேட்கலாம்.

பின்வந்ததில் விடுதியையும் கன்னியர் மடத்தையும் உள்ளிருந்து எழுதியது பாமாவின் 'கருக்கு' (1992). தலித் பெண்ணாக விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியையாகி, துறவியாகச் சேர்ந்து, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இயங்கும் பள்ளிகளை உள்ளே நின்று கண்டு, வெளியேறி எழுதியது. அதை மர்மப் புதினம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் மதிலுக்குள் யார் மீது ஐயம் விழும், யார் சொல் நம்பப்படும், யார் தட்டில் என்ன விழும் என்பதை அறிய விரும்புவோர்க்கு அதைவிடச் சிறந்த நூல் தமிழில் இல்லை என்பது நம் துணிபு.

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றின் விடுதியில் தங்கியிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்துகிடந்தார். நான்கு நாளில் போராட்டம் வன்முறையாகிப் பேருந்துகள் எரிந்தன. அந்த நாட்களில் கைபேசியைத் திறந்தோர் அனைவரும் ஒரு மர்மப் புதினத்தைக் கண்டனர். சுவரின் உயரம், மாடியின் வரைபடம், கடிதத்தின் கையெழுத்து, ஆளுக்கொரு கொலையாளி. நீதிமன்றத்துக்கு முன்பே அனைவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, சீமாட்டியின் கடிதம் பெற்ற எடின்பரோப் பெற்றோரைப் போல. இறந்த பெண் அதற்கு முந்தைய மாதங்களில் அந்த விடுதியில் எப்படி உறங்கினாள், யாரிடம் பேசினாள், யாருடைய குரல் கேட்டால் நடுங்கினாள் என்று கேட்டவர் மிகச் சிலர். சாவித்துவாரத்தில் கண்ணை வைக்க வரிசையில் நின்றவர் பலர்.

நம் வகுப்பில் அரசு விடுதிகளில் தங்கிப் படிக்கும் பெண்கள் உண்டு. ட்ரம்ஷூ வழக்கை அவர்களுக்கு ஒருமுறை விரிவாகச் சொன்னோம். ஆசிரியைகள் குற்றமற்றவர்களா என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தோம். அவர்கள் கேட்டது, தீர்ப்புக்குப் பிறகு ஜேன் எந்த வீட்டில் இருந்தாள், யார் அவளுக்குச் சோறு போட்டார்கள் என்று. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர் ஒருவரை மணந்து அந்நாட்டிலேயே வாழ்ந்தாள் என்றோம். அந்த வீட்டில் அவளை நம்பினார்களா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்.